பொய் என்று தெரிந்தும் பயப்படும் குழந்தைக்கு எந்தக் கதையை வாசிப்பது?

கடிதத்தின் சுருக்கம்

தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்தும் ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரையோ குழந்தைகளையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன். அவருடைய வகுப்பில் 34 குழந்தைகள். எல்லோரும் எட்டு வயதை ஒட்டியவர்கள். வாரத்தில் மூன்று நாள், கடைசிப் பாடவேளையில் 20 நிமிடம் ஒதுக்கி, படப்புத்தகம் ஒன்றை அவர் உரக்க வாசித்துக் காட்டுகிறார். பேசும் மரம், இரவில் பறக்கும் படுக்கை, கடலுக்கடியில் ஒரு நகரம் என்று பெரும்பாலும் மாயக்கதைகளே. குழந்தைகள் மறுபடி மறுபடி கேட்டவை அவைதாம் என்கிறார்.

மூன்று மாதம் நன்றாக நடந்த பிறகு, படிக்கட்டுக்கு அடியில் குடியிருக்கும் பூதம் ஒன்றைப் பற்றிய கதையை வாசித்த வாரத்தில் சிக்கல்கள் வரிசையாக வந்திருக்கின்றன. ஒரு சிறுவன் ஐந்து இரவுகள் தனியாகப் படுக்க மறுத்துவிட்டான். அவனுடைய தந்தை தலைமையாசிரியரிடம் வந்து, பள்ளியில் பொய்யையும் மூடநம்பிக்கையையும் கற்றுக்கொடுக்கிறீர்கள் என்று கோபப்பட்டார். அதே வாரத்தில் ஒரு சிறுமி, பறக்கும் படுக்கைக் கதையை நினைத்துக்கொண்டு, தோளில் துணியைக் கட்டியபடி மேசை மீதிருந்து குதித்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். தலைமையாசிரியரோ, எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாதவர்களுக்குத்தான் படப்புத்தகம், மூன்றாம் வகுப்புக்கு எதற்கு என்று கேட்டிருக்கிறார். இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஆசிரியைக்கே ஒரு மனக்குறை உண்டு. கதை முடிந்ததும் கேள்வி கேட்டால் இரண்டு மூன்று கைகள்தாம் உயர்கின்றன. பதிலும் "பொய் சொல்லக் கூடாது", "பெரியவர்கள் பேச்சைக் கேட்க வேண்டும்" என்று, கதைக்குத் தொடர்பே இல்லாத நீதியாக வந்து விழுகிறது. வாசிப்பை நிறுத்திவிடுவதா, உண்மைச் சம்பவங்களை மட்டும் வாசிப்பதா, மாயக்கதைகளைத் தொடர்வதென்றால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது, இதில் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் என்ன உரிமை உண்டு என்பவை அவருடைய கேள்விகள்.

ஆலோசனை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

வாசிப்பை நிறுத்த வேண்டாம். மாயக்கதைகளைக் கைவிடவும் வேண்டாம். ஆனால் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையிலும் வகுப்பில் அதைக் கையாளும் முறையிலும் சில மாற்றங்கள் தேவை என்று உங்கள் கடிதமே காட்டுகிறது. குழந்தைகளின் மனநலத்தைப் பார்க்கும் ஆலோசகராக, இப்படிப்பட்ட கேள்வியோடு வரும் பெற்றோரையும் ஆசிரியர்களையும் நான் தொடர்ந்து சந்திக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே அனுமானத்திலிருந்து தொடங்குகிறார்கள். உங்கள் கடிதத்திலும் அது இருக்கிறது, அந்தத் தந்தையின் புகாரிலும் இருக்கிறது. குழந்தை நம்பிவிட்டது, அதனால்தான் பயப்படுகிறது என்பதே அந்த அனுமானம். அதை முதலில் திருத்திக்கொண்டால் மற்றவற்றுக்கு வழி தானாகத் தெரியும்.

மூன்று, நான்கு வயதிலேயே பெரும்பாலான குழந்தைகள் விளையாட்டாகப் பாவிப்பதையும் நிஜத்தையும் பிரித்தறியத் தொடங்கிவிடுகிறார்கள். வெறும் கோப்பையை வாயருகே கொண்டுபோய்க் குடிப்பதுபோல் நடிக்கும் குழந்தைக்கு அதில் ஒன்றுமில்லை என்பது நன்றாகவே தெரியும். உளவியலாளர் பால் ஹாரிஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1991இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நான்கு வயதினரையும் ஆறு வயதினரையும் ஒரு வெற்றுப் பெட்டிக்குள் பூதம் இருப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். பெட்டிக்குள் உண்மையில் பூதம் எதுவும் இல்லை என்று குழந்தைகளே சொன்னார்கள். அப்படிச் சொன்ன பிறகும், அந்தப் பெட்டியை நெருங்கும்போது பலரிடம் தயக்கம் இருந்தது. அறிவு ஒன்றைச் சொல்கிறது, உடம்பு வேறொன்றைச் செய்கிறது. நாடக மேடையில் இறந்து கிடப்பவர் திரை விழுந்ததும் எழுந்து போய்விடுவார் என்று தெரிந்தே நாம் கண் கலங்குவதில்லையா? அதுபோலத்தான் இதுவும். பெரியவர்களுக்கு அந்தக் கலக்கத்திலிருந்து வெளியே வரப் பழக்கம் இருக்கிறது. எட்டு வயதுக் குழந்தைக்கு அந்தப் பழக்கம் இப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கிறது.

ஆகவே உங்கள் மாணவன் ஏமாந்துபோகவில்லை. படிக்கட்டுக்கு அடியில் பூதம் இல்லை என்று அவனிடம் நூறு முறை சொல்லியிருப்பார்கள். அது அவனுக்குத் தெரிந்த செய்தி. "அது பொய், பயப்படாதே" என்று சொல்லும்போது அவன் காதில் விழுவது, நீ உணர்வது முட்டாள்தனம் என்பது மட்டுமே. அவனுக்குத் தேவைப்படுவது செய்தி அல்ல. அந்தப் பூதத்தின் மீது அவனுக்கு ஓர் அதிகாரம் கிடைக்க வேண்டும். அவனே அதை வரையட்டும். அது என்ன தின்னும், எதற்குப் பயப்படும், இரவில் அதற்கு எங்கே இடம் ஒதுக்கலாம் என்று அவனே தீர்மானிக்கட்டும். நான் பார்த்த குழந்தைகள் பலருக்கு, பயமுறுத்திய படத்தை மூடிவைக்கும் உரிமை தங்கள் கையில் இருக்கிறது என்று தெரிந்ததே பாதி நிவாரணமாக இருந்தது.

சிறுமியின் விஷயம் இதைவிட எளியது. எட்டு வயதில் ஒரு குழந்தை மேசையிலிருந்து குதிப்பது, பறந்துவிடலாம் என்று முடிவு செய்ததால் அல்ல. பறப்பது எப்படி இருக்கும் என்று உடம்பால் விளையாடிப் பார்த்ததால். கதையைக் குற்றம் சொல்லாமல், மேசையிலிருந்து குதிக்கக் கூடாது என்ற வகுப்பு விதியை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். பறக்கும் விளையாட்டுக்குத் தரைமட்டத்தில் இடம் கொடுங்கள். நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு வாசிப்பதாக இருந்தால் இந்த எச்சரிக்கையைக் கதைக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

தந்தையின் புகாரை எப்படி எதிர்கொள்வது

அவரை எதிராளியாகப் பார்க்காதீர்கள். ஐந்து இரவுகள் மகனோடு விழித்திருந்தவர் அவர். அவர் சொன்னதில் ஒரு பகுதி தவறு, ஒரு பகுதி கவனிக்கத்தக்கது.

முதலில் தவறான பகுதி. பொய் சொல்பவர், கேட்பவர் நம்ப வேண்டும் என்று எண்ணுகிறார். கதை சொல்பவரோ, "ஒரு ஊரில்" என்று தொடங்கும் கணத்திலேயே, இது கதை என்று கேட்பவரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறார். மூடநம்பிக்கைக்கும் மாயக்கதைக்கும் உள்ள வேறுபாடு இன்னும் முக்கியமானது. மூடநம்பிக்கை தன்னை உண்மை என்று அறிவித்துக்கொள்ளும். அதோடு நம்மிடம் ஏதாவது ஒன்றைச் செய்யச் சொல்லும், அல்லது செய்யாதே என்று தடுக்கும். மாயக்கதை அட்டையை மூடிய பிறகு நம்மிடம் எதையும் கேட்பதில்லை. இந்த வேறுபாட்டைத் தந்தையிடம் மட்டுமல்ல, குழந்தைகளிடமும் பேசலாம். எட்டு வயதினருக்கு நன்றாகவே புரியும்.

இனி, கவனிக்கத்தக்க பகுதி. மாயக்கதை எல்லாப் பயனையும் தரும் என்று சொன்னால் அது நேர்மையாகாது. உடை அணிந்து பேசும் விலங்குகளைக் கொண்ட புத்தகங்களிலிருந்து, அந்த விலங்குகளைப் பற்றிய உண்மைத் தகவல்களைச் சிறு குழந்தைகள் குறைவாகவே கற்கிறார்கள் என்றும், மனித குணங்களை நிஜ விலங்குகள் மீது ஏற்றிப் பேசும் போக்கு கூடுகிறது என்றும் 2014இல் பட்ரிசியா கானியாவும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கதைக்குள் ஒருவர் கண்டுபிடிக்கும் தீர்வை நிஜ வாழ்வுக்குக் கொண்டுவருவதும், நிஜம் போன்ற கதையைவிட மாயக்கதையிலிருந்து குழந்தைகளுக்குக் கடினமாக இருக்கிறது. இன்னொரு பக்கம், டீனா வைஸ்பெர்க் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகள் மாயக்கதை வழியாகப் புதிய சொற்களை நன்றாகவே கற்றார்கள். இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முடிவு இதுதான்: அறிவியல் தகவலையோ நன்னடத்தை விதியையோ புகட்டுவதற்கான குளிகையாக மாயக்கதையைப் பயன்படுத்தாதீர்கள். ஆந்தை பேசும் கதையை வாசிக்கும் வாரத்தில், உண்மையான ஆந்தையைப் பற்றிய தகவல் புத்தகம் ஒன்றையும் அதே அலமாரியில் பக்கத்திலேயே வையுங்கள். எது எந்த வகை என்று குழந்தைகளே பிரித்துச் சொல்லட்டும். அந்தத் தந்தை வேண்டுவதும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

உரிமைகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1989இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, விளையாட்டிலும் கலை வாழ்விலும் பங்கேற்கும் உரிமையைக் குழந்தைக்கு அளிக்கிறது. 17ஆம் பிரிவு, குழந்தைகளுக்கான புத்தகங்களை உருவாக்கவும் பரப்பவும் அரசுகள் ஊக்கமளிக்க வேண்டும் என்கிறது. அதே உடன்படிக்கையின் 5ஆம் பிரிவு, குழந்தையின் வளர்ச்சிக்கு ஏற்ப வழிகாட்டும் பெற்றோரின் உரிமையையும் பொறுப்பையும் மதிக்கச் சொல்கிறது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அடக்க முடியாது. நடைமுறையில் இதன் பொருள்: எந்தப் புத்தகம் வாசிக்கப்படுகிறது என்று அறியவும், தன் மகனுக்கு ஒரு புத்தகம் இப்போது வேண்டாம் என்று சொல்லவும் அந்தத் தந்தைக்கு இடம் உண்டு, அதை நீங்கள் மறுக்காமல் ஏற்க வேண்டும். மற்ற 33 குழந்தைகளுக்கும் அது வேண்டாம் என்று அவர் தீர்மானிக்க முடியாது. அப்படி நீங்கள் அவசரப்பட்டு வாக்குக் கொடுத்துவிடவும் கூடாது. வரும் மாதத்துக்கான புத்தகப் பட்டியலை எழுதி எல்லாப் பெற்றோருக்கும் அனுப்புங்கள். அவரை ஒருநாள் வகுப்புக்கு அழைத்துப் பின்வரிசையில் உட்காரவையுங்கள். பூதக் கதையைக் கையில் கொடுத்து, முழுவதும் வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாகச் சொன்னதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க ஓவியரும் எழுத்தாளருமான மாரிஸ் சென்டக், "வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்" என்ற படப்புத்தகத்தை 1963இல் வெளியிட்டார். குறும்பு செய்து, சாப்பாடு இல்லாமல் அறைக்கு அனுப்பப்பட்ட ஒரு பையன், கோர உயிர்கள் வாழும் இடத்துக்குப் பயணம் போய், அவற்றுக்கு அரசனாகித் திரும்பும் கதை அது. படப்புத்தக ஓவியத்துக்காக அமெரிக்காவில் வழங்கப்படும் கால்டெகாட் பதக்கத்தை 1964இல் பெற்றது. அதே பத்தாண்டின் இறுதியில், குழந்தை உளவியலில் பெரிய பெயராக இருந்த புருனோ பெட்டல்ஹைம், தாய்மார்கள் சொன்னதை மட்டும் கேட்டு, புத்தகத்தைத் தாம் வாசிக்காமலே, அது குழந்தைகளுக்குத் தீங்கானது என்று எழுதினார். பயமூட்டும் பழங்கதைகள் குழந்தைகளின் அச்சத்துக்கு வடிகாலாக அமைகின்றன என்று வாதிடும் நூலை 1976இல் வெளியிட்டவரும் அவரேதான். அச்சமூட்டும் படம் ஒன்றைத் தனியாகப் பார்ப்பதும், அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் பக்கங்களோடு சேர்த்துப் பார்ப்பதும் ஒன்றல்ல.

மூன்றாம் வகுப்புக்குப் படப்புத்தகம் எதற்கு என்ற கேள்வி

தலைமையாசிரியருக்கு வாதங்களை அடுக்குவதைவிட, அதே சென்டக் புத்தகத்தை அவர் முன்னால் விரித்துக் காட்டுங்கள். தொடக்கத்தில் படம் சிறியது. சுற்றிலும் அகலமான வெள்ளை ஓரம். பையனின் அறைக்குள் காடு வளர வளர, படமும் பக்கத்துக்குப் பக்கம் வளர்ந்து ஓரத்தைத் தின்கிறது. பின்பு ஒரு பக்கத்தை நிரப்பி எதிர்ப்பக்கத்துக்கும் வழிகிறது. கோர உயிர்களோடு கும்மாளமிடும் இடத்தில் மூன்று இருபக்கப் படங்கள், ஒரு சொல்கூட இல்லாமல் வருகின்றன. பிறகு சொற்கள் திரும்புகின்றன; பையன் அறைக்கு வந்து சேர்கிறான். கடைசிப் பக்கத்தில் படமே இல்லை. அவனுக்காகக் காத்திருந்த இரவுச் சாப்பாடு இன்னும் சூடாக இருந்தது என்ற செய்தி மட்டும். கோபம் ஒருவரை எப்படி முழுதாக விழுங்குகிறது, எப்படி விட்டு நீங்குகிறது என்பதை ஓவியர் பக்க அமைப்பாலேயே சொல்லியிருக்கிறார். ஐந்து வயதில் கேட்ட குழந்தை இதை உணரும். எட்டு வயதுக் குழந்தையால் இதைக் கண்டுபிடித்து, காரணத்தோடு வாயால் சொல்ல முடியும். அந்தத் திறமைக்குத்தான் மூன்றாம் வகுப்பு.

படப்புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் அமைகின்றன. பெரிய தாளை அச்சிட்டு மடித்து வெட்டும் முறையால் எட்டின் மடங்கில் பக்கங்கள் கிடைப்பதே காரணம். அந்தச் சிறிய இடத்துக்குள் உலகம் ஒன்றைக் கட்ட வேண்டியிருப்பதால், நல்ல படைப்பாளி சொல்லிலும் படத்திலும் ஒரே விஷயத்தை இரண்டு முறை சொல்லி வீணாக்குவதில்லை. சொல் "எல்லாம் அமைதியாக இருந்தது" என்று சொல்லும். படத்தில் கதவிடுக்கில் ஒரு வால் தெரியும். சொல்லப்படாததை ஊகித்தறிவது வாசிப்புத் திறனின் மேல்படி என்பதை உங்கள் தலைமையாசிரியரும் அறிவார். சொற்கள் மட்டுமே உள்ள பாடத்தில் தடுமாறும் குழந்தைகள் அந்தப் படியில் முதலில் கால் வைப்பது பெரும்பாலும் படத்தின் வழியாகத்தான்.

எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

வயதுக் குறிப்பை நம்பிவிடாதீர்கள். அது விற்பனைக்கு உதவும் குறிப்பு. புத்தகத்தை முதல் அட்டையிலிருந்து பின்னட்டைவரை நீங்கள் தனியாக ஒருமுறை மௌனமாகவும், ஒருமுறை வாய்விட்டும் வாசியுங்கள். வாய்விட்டு வாசிக்கும்போது நாக்கு இடறும் வாக்கியங்கள் உள்ள புத்தகம், 34 பேருக்கு முன்னால் நிற்காது. கடைசி வரிசைக் குழந்தை உட்காரும் இடத்திலிருந்து படம் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, கதையின் மாயத்துக்கு ஒரு சட்டம் இருக்கிறதா என்று தேடுங்கள். மாயக்கதையில் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்பது பரவலான தவறான எண்ணம். எது வேண்டுமானாலும் நடக்கும் உலகில் எதற்கும் மதிப்பிருக்காது. குழந்தைகள் மிக விரைவில் சலித்துவிடுவார்கள். படுக்கை இரவில் மட்டும் பறக்கும், ஒரு சொல்லை மறந்தால் இறங்கிவிடும் என்று எல்லை இருந்தால்தான் அடுத்த பக்கத்தைப் பற்றி ஊகிக்க முடியும், கவலைப்பட முடியும். கதையின் நடுவில் சிக்கலை அவிழ்ப்பதற்காக மட்டும் திடீரென்று ஒரு மந்திரக்கோல் முளைத்தால், அந்தப் புத்தகத்தைத் திருப்பி வைத்துவிடலாம்.

மூன்றாவதாக, என் தொழில் காரணமாக நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பார்ப்பது, திரும்பி வரும் வழி. மாய உலகத்துக்குள் அழைத்துப்போன கதை, குழந்தையை வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுகிறதா? திரும்பி வருவது அந்தக் குழந்தையின் சொந்த முயற்சியால் நடக்கிறதா, அல்லது பெரியவர் ஒருவர் வந்து தூக்கிக்கொண்டு வருகிறாரா? பயம் எவ்வளவு பெரியது என்பது எனக்கு இரண்டாம் கேள்விதான். பூதம் பெரிதாக இருக்கலாம். குழந்தைக்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பியிருக்கும் கதைச் சுருக்கத்தைப் பார்த்தால், படிக்கட்டுப் பூதக் கதை, கடைசிப் பக்கத்தில் படிக்கட்டு இருட்டில் இரண்டு கண்கள் தெரிவதோடு முடிகிறது. அது திறமையான முடிவு. பகல் பொழுதில், பத்து பதினொரு வயதினருக்கு மிகவும் பிடிக்கும். எட்டு வயதினருக்கு, அதுவும் வீட்டுக்குப் புறப்படும் கடைசிப் பாடவேளையில் வாசித்தது பொருந்தவில்லை. அந்தக் கண்களைப் பற்றிப் பேசி முடிக்க நேரமின்றி மணி அடித்துவிட்டது. சிறுவன் அவற்றைத் தனியாக வீட்டுக்குச் சுமந்து போயிருக்கிறான்.

நான்காவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை: இந்தக் கதையில் கொடியவர் எப்படி வரையப்பட்டிருக்கிறார்? கூன் விழுந்த கிழவி, கறுத்த உடல், முகத்தில் தழும்பு, ஊனமுற்ற கால் என்று, நிஜ மனிதர்களிடம் உள்ள அடையாளங்களையே தீமைக்கு அடையாளமாக்கும் படங்கள் மாயக்கதைகளில் ஏராளம். பூதத்தின் மீதான பயம் சில வாரங்களில் தேய்ந்துவிடும். பக்கத்து வீட்டு மூதாட்டியின் முகத்தின் மீது படியும் வெறுப்பு அப்படிக் கரைவதில்லை. அமெரிக்கக் கல்வியாளர் ருடின் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதிய கட்டுரையில், புத்தகங்கள் குழந்தைக்குக் கண்ணாடியாகவும் சன்னலாகவும் உள்ளே நுழையும் கதவாகவும் அமைய வேண்டும் என்றார். கண்ணாடியில் தன் முகம் எப்போதும் அரக்கனின் முகமாகவே தெரிந்தால் அந்தக் குழந்தை என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மற்றக் குறைகளுக்கு நான் இடம் கொடுப்பேன். இதற்குக் கொடுக்க மாட்டேன்.

வகுப்பில் வாசிக்கும் முறை

குழந்தைகள் கைதூக்காததற்கும் நீதி சொல்வதற்கும் காரணம் அவர்களிடம் இல்லை; கேள்வியிலும், கேள்விக்குப் பிந்தைய சில வினாடிகளிலும் இருக்கிறது. கதை முடிந்ததும் கேள்வி வரும் என்று தெரிந்தால், குழந்தை கதைக்குள் இருந்துகொண்டே தேர்வுக்குத் தயாராகிறது. நீதிதான் எப்போதும் மதிப்பெண் பெற்றுத்தரும் பதில். அதைத் தந்துவிட்டுத் தப்பித்துக்கொள்கிறது. எனவே முதல் வாசிப்பில் கேள்வியே வேண்டாம். அட்டையைக் காட்டுங்கள், அட்டையைத் திறந்ததும் வரும் வண்ணத் தாளையும் காட்டுங்கள், பின்பு இடைநிறுத்தாமல் கடைசிவரை வாசியுங்கள். பக்கம் புரட்டும் இடங்களில் மட்டும் கையை மெதுவாக்குங்கள். படப்புத்தகத்தில் திகிலும் வியப்பும் ஒளிந்திருப்பது அந்தப் புரட்டலில்தான். முடிந்ததும் சற்று நேரம் பேசாமல் இருங்கள். முதலில் பேசுவது ஒரு குழந்தையாக இருக்கட்டும்.

கேள்விகள் இரண்டாவது வாசிப்புக்கு உரியவை. அவற்றிலும், உங்களுக்கே விடை தெரியாத கேள்விகளைக் கேளுங்கள். "இந்தக் கதை என்ன சொல்கிறது?" என்று கேட்டால் நீதிதான் வரும். "இந்தப் பக்கத்தில் சொல்லில் இல்லாத எது படத்தில் இருக்கிறது?", "படுக்கை பறக்காமல் போயிருந்தால் இவள் என்ன செய்திருப்பாள்?", "பூதம் இந்தக் கதையைச் சொன்னால் எங்கிருந்து தொடங்கும்?" என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கும். யோசிக்க நேரமும் வேண்டும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டினாலே பதில்கள் நீள்கின்றன, பேசாதவர்களும் பேசத் தொடங்குகிறார்கள் என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கொண்டு காட்டினார். கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். முதல் வாரம் அந்த மௌனம் உங்களுக்கே சங்கடமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"டீச்சர், இது நிஜமா?" என்று யாராவது கேட்டால், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேட்பது நல்ல தொடக்கம். ஆனால் அதோடு நழுவிவிடாதீர்கள். குழந்தை தன் பதிலைச் சொன்ன பிறகும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், இல்லை, ஒருவர் யோசித்து உருவாக்கியது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அந்தப் பதிலால் கதையின் சுவை குறையாது. நீங்கள் மழுப்பினால் உங்கள் மீதுள்ள நம்பிக்கைதான் குறையும்.

எழுத்துப் பயிற்சியையும் இதோடு இணைக்கலாம். கிறிஸ் வான் ஆல்ஸ்பர்க் 1984இல் வெளியிட்ட "த மிஸ்டரீஸ் ஆஃப் ஹாரிஸ் பர்டிக்" என்ற நூலில் 14 மர்மமான ஓவியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு, ஒரு சிறு குறிப்பு, அவ்வளவுதான். கதையை வாசிப்பவரே உருவாக்கிக்கொள்ள வேண்டும். அந்த நூல் கிடைக்காவிட்டாலும், உங்களிடம் உள்ள புத்தகம் ஒன்றின் நடுப்பக்கத்தை மட்டும் காட்டி, இதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடக்கும் என்று இருவர் இருவராக எழுதச் சொல்லலாம். நீதி சொல்லிப் பழகிய வாய்கள் அந்த வேளையில் அதை மறந்துவிடுவதைப் பார்ப்பீர்கள்.

ஒரு சிறிய ஏற்பாடு: புதிதாக ஒரு கதையை வாசிப்பதைக் கடைசிப் பாடவேளையிலிருந்து காலைக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால், கடைசி வேளையை ஏற்கெனவே பழகிய கதைகளுக்கு ஒதுக்குங்கள். கேட்க விரும்பாத குழந்தை காரணம் சொல்லாமல் வேறு புத்தகத்தோடு ஒதுங்கி உட்காரலாம் என்பதையும் விதியாக்குங்கள். பெரும்பாலும் அவர்கள் பாதிக் கதையில் தாமாகவே திரும்பி வந்துவிடுவார்கள்.

அந்தச் சிறுவனுக்கு

இந்த வயதில் கற்பனை உருவங்கள் மீதான பயம் பரவலானது. பெரும்பாலும் தானே அடங்கும். பெற்றோரிடம் அறைக் கதவைத் திறந்துவைக்கவும், சிறு விளக்கை எரியவிடவும், கட்டிலுக்கு அடியில் பூதத்தைத் தேடும் சடங்கைத் தவிர்க்கவும் சொல்லுங்கள். தினமும் தேடிப் பார்ப்பது, தேட வேண்டிய ஒன்று இருக்கிறது என்றே சொல்வதாகும். பயம் நான்கைந்து வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, பள்ளிக்கு வர மறுத்தாலோ, பகலிலும் மாடிப்படியைத் தவிர்த்தாலோ, இரவில் படுக்கையை நனைப்பது புதிதாகத் தொடங்கினாலோ, குழந்தைகள் மனநல வல்லுநரிடம் அழைத்துப்போக வேண்டும். அப்போது கதையை மட்டும் காரணமாக்கிவிட வேண்டாம். வீட்டில் வேறு ஏதாவது மாறியிருக்கிறதா, யாராவது அவனை மிரட்டுகிறார்களா என்பதையும் மென்மையாக விசாரிக்க வேண்டும். சொல்லத் தெரியாத பயத்துக்குச் சில குழந்தைகள் கதையிலிருந்து ஒரு முகத்தைக் கடன் வாங்கிக்கொள்வதுண்டு.

தந்தையின் சம்மதத்தோடு, ஒரு காலை வேளையில், மற்றவர்கள் இல்லாதபோது, அந்தப் புத்தகத்தை அவன் முன்னால் வைத்து, பக்கம் புரட்டுவது நீயா நானா என்று கேளுங்கள். அவன் புரட்ட ஒப்புக்கொண்டால், கண்கள் வரும் கடைசிப் பக்கத்துக்குப் பிறகு ஒரு வெற்றுத் தாளைச் செருகி வைத்து, அதில் அடுத்த காலை அந்தப் படிக்கட்டு எப்படி இருந்தது என்று வரையச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால், சரி என்று மூடிவிடுங்கள், மறுபடி கேட்காதீர்கள். புத்தகத்தை அவனுக்குக் கையெட்டும் தட்டிலேயே, மற்றப் புத்தகங்களோடு விட்டுவையுங்கள்.